ஒரு லட்சத்துக்குள் பழைய கார் வாங்கலாமா? ராமநாதபுரம் கடலோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, ராமேஸ்வரம் தீவையும் சேர்த்து, கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்காக எழுதியது. முப்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை விலை சொல்லப்படும் மாருதி 800, ஆல்ட்டோ, ஓம்னி, சான்ட்ரோ, இண்டிகா வகை வண்டிகளைப் பற்றியது.

இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, பாடியில மட்டும் லேசா துரு. வாங்கலாமா?

இந்த வார்த்தையைக் கேட்டவுடன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பழைய கார் பார்ப்பவர் முதலில் பானட்டைத் திறப்பார். நம் ஊரில் முதலில் வண்டிக்கு அடியில் குனிய வேண்டும். மாருதி 800, ஆல்ட்டோ இன்ஜினுக்கு உதிரி பாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும். மொத்த இன்ஜினையே பழையதாக வாங்கி மாட்டிவிடலாம். பாடியை அப்படி மாற்ற முடியாது. இந்தச் சின்னக் கார்களுக்கு லாரி போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, பக்கவாட்டுப் பெட்டித்தகடு, முன் ஷாக் அப்சார்பர் மேலே உட்காரும் டவர் எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அந்தத் தகடு தின்னப்பட்டால் வண்டியின் முதுகெலும்பே போனது போல.

துரு இங்கே வேகமாக ஓடுவதற்குக் காரணம் மழை அல்ல, உப்பு. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஈரத்தை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். கடலுப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது வண்டியின் அடியில் படிந்த உப்புப் படலம் வெயில் காலத்திலும் முழுதாகக் காய்வதில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்து நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை.

பெயிண்ட் பளபளன்னு இருக்கு. துரு எங்கே ஒளிஞ்சிருக்கும்?

விற்பதற்கு முன் அடித்த பெயிண்ட் எதையும் நிரூபிக்காது. பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் கண்ணுக்கு மறைவானவை. கையில் ஒரு டார்ச், சின்ன ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய சின்னக் காந்தம், உட்கார ஒரு சாக்கு. இவ்வளவு போதும்.

முதலில் உள்ளே. நான்கு மிதியடிகளையும் எடுத்துவிட்டு, கார்பெட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். டிரைவர் குதிகால் வைக்கும் இடமும் பின்சீட்டுக் கால்வைப்பும்தான் முதலில் போகும். மழைத் தண்ணீரும் ஈரக்காலும் கார்பெட்டுக்குக் கீழே தங்கி, மேலிருந்து தின்னும். உப்பு கீழிருந்து தின்னும். கட்டைவிரலால் அழுத்தினால் தகடு உள்வாங்கக் கூடாது. கார்பெட்டுக்குக் கீழே புதுத் தார்ப்பாய் ஒட்டியிருந்தாலோ, தகரத் துண்டு ரிவெட் அடித்திருந்தாலோ, அங்கே ஓட்டை இருந்தது என்று அர்த்தம்.

அடுத்து டிக்கி. ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். ஓம்னியாக இருந்தால் பின்தளம் முழுக்கப் பார்க்க வேண்டும்.

வெளியே வந்து, கதவுகளைத் திறந்து அடி விளிம்பில் விரலை ஓட்டுங்கள். அங்கே தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்து அழுகும். வெளியே பெயிண்ட் கொப்புளம் போலத் தூக்கும். பிறகு கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டித்தகடு. பாடி வேலை செய்யும் டிங்கர் கடைகளில் இதை ரன்னிங் போர்டு என்பார்கள். காந்தத்தை இதன் நீளத்துக்கு ஓட்டுங்கள். காந்தம் பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டிதான் இருக்கிறது. விரலால் தட்டினால் தகடு கணீரென்று கேட்கும், பட்டி மொத்தென்று கேட்கும்.

ஜாக்கி வைக்கும் இடம் தனிச் சோதனை. உரிமையாளரையே ஜாக்கி போட்டுத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்போது தகடு நொறுங்கும் சத்தம் கேட்டாலோ, கதவு திறந்து மூட இறுகினாலோ, பேச்சை முடித்துக்கொள்ளலாம். தூக்கிய வண்டிக்கு அடியில் நீங்கள் போகாதீர்கள். அடியில் பார்க்க வாட்டர் சர்வீஸ் கடையின் லிஃப்ட் அல்லது குழி வேண்டும். கடைக்காரருக்குச் சின்னத் தொகை கொடுத்தால் போதும், இந்தப் பணத்தில் கஞ்சம் பிடிக்க வேண்டாம்.

லிஃப்டில் ஏற்றியதும் பார்க்க வேண்டியவை: முன்சக்கர லோயர் ஆர்ம் பாடியோடு சேரும் இடம், பின் ஆக்சில் மாட்டும் இடம், பின்பக்க ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், பெட்ரோல் டேங்கின் பட்டைகள், டேங்குக்குப் போகும் குழாய். கடைசியாக, முன்னிருந்து பின்னுக்கு ஓடும் பிரேக் பைப். பென்சில் பருமன்கூட இல்லாத இந்தக் குழாய் கிளிப் போட்ட இடங்களில் உப்பு தங்கி அரிக்கும். செதில் உரியும் அளவு துரு இருந்தால், அழுத்தி பிரேக் பிடிக்கும் ஒரு நாளில் அது வெடிக்கும். பைப் மாற்றுவது பெரிய செலவல்ல. மாற்றாமல் ஓட்டினால்தான் ஆபத்து.

பானட்டைத் திறந்தால் முன் ஷாக் அப்சார்பர் மேலே வந்து உட்காரும் டவரையும் பேட்டரித் தட்டையும் பாருங்கள். டவரைச் சுற்றி வெடிப்போ ஒட்டு வெல்டிங்கோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அடியில புதுசா கறுப்பு கோட்டிங் அடிச்சிருக்கு. நல்லதுதானே?

நல்ல தகட்டின் மேல் அடித்திருந்தால் நல்லது. துருவின் மேல் அடித்திருந்தால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். விற்பதற்குப் பத்து நாள் முன் அடித்த கோட்டிங் பெரும்பாலும் இரண்டாவது ரகம். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். பொருக்கு உதிர்ந்தால் தெரிந்துவிடும். தட்டவே விடமாட்டேன் என்று விற்பவர் தடுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அப்போ துருவே இல்லாத வண்டியாத்தான் பார்க்கணுமா?

இந்த விலையில் அப்படி ஒன்று கிடைக்காது. மேல்துரு வேறு, தின்ற துரு வேறு. சைலன்சரில், நட்டு போல்ட்டில், பிரேக் டிரம்மில், ஆக்சிலில் செந்நிறமாகப் படிந்திருப்பது மேல்துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கீழே உறுதியான இரும்பு வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். கதவின் அடி விளிம்பு, மட்கார்டு, பானட், டிக்கி மூடி ஆகியவற்றில் ஓட்டை இருந்தாலும் பிழைக்கலாம். அவை கழற்றி மாற்றக்கூடியவை, இல்லையென்றால் டிங்கர் தகடு வெட்டி ஒட்டிவிடுவார். தரைத்தகட்டில் உள்ளங்கை அளவுக்குள் ஓர் ஓட்டை என்றால் வெல்டிங் செலவைக் கேட்டு விலையில் கழிக்கலாம். ரன்னிங் போர்டு, டவர், ஆக்சில் மாட்டும் இடம் மூன்றில் எது போயிருந்தாலும் விட்டுவிடுங்கள். உறுதியில்லாத தகட்டின் மேல் வெல்டிங் நிற்காது. சூடுபட்ட ஓரம் அடுத்த வாடைக்காற்றுக் காலத்துக்குள் மறுபடி திறக்கும்.

இன்னொன்று. சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தில் துரு ஏறி எண் வாசிக்க முடியாமல் போயிருந்தால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் புது வெல்டிங் இருந்தால் திருட்டு வண்டியாகவும் இருக்கலாம்.

டி.என். 65 வண்டி வேண்டாம், மதுரை வண்டிதான் வாங்கணும்னு சொல்றாங்களே?

பாதி சரி. டி.என். 65 என்பது மாவட்டம் முழுவதற்குமானது. பரமக்குடியிலும் முதுகுளத்தூரிலும் ஓடிய வண்டிக்கும், பாம்பனில் வெட்டவெளியில் நின்ற வண்டிக்கும் ஒரே எண்தான். மதுரை எண் உள்ள வண்டி கடைசி ஆறு வருடம் தங்கச்சிமடத்தில் நின்றிருக்கவும் கூடும். எண்ணைப் பார்க்காதீர்கள், வண்டி இரவில் எங்கே நின்றது என்று கேளுங்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், கூரை உண்டா, கச்சான் காற்று எந்தப் பக்கம் அடிக்கும். ஒரே பக்கம் கடலைப் பார்த்து நின்ற வண்டியில் அந்தப் பக்கத்துக் கதவுகள் மட்டும் அரித்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனாலும் பட்ஜெட் இடம்கொடுத்தால் மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர் பக்கம் போய் வாங்குவது லாபம். அதே வருட மாடலுக்கு அங்கே ஐந்து பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் தகடு மிச்சம்.

இந்தக் கடலோரத்தில் மூன்று வகை வண்டிகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். முதலாவது மீன் ஏற்றிய ஓம்னி. ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பின்தளத்தின் மடிப்புகளில் இறங்கியிருக்கும். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்திருந்தால் சீட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். கருவாடு, இறால் தீவனம் ஏற்றிய வண்டியும் இதே கணக்கு.

இரண்டாவது, உப்பளத்துக்கும் கடற்கரை மணலுக்கும் போய்வந்தது. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறந்தது 2017-இல்தான். அதற்கு முன் அங்கே ஆள் ஏற்றிய வண்டிகள் கடல்நீரிலேயே உருண்டவை. வாலிநோக்கம் பக்கத்து உப்பள வண்டிகளும் அப்படியே.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும்: வெளிநாட்டுக்காரர் வண்டி. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் இது சகஜம். சொந்தக்காரர் துபாயிலோ சவூதியிலோ இருப்பார், வண்டி வருடத்தில் ஒரு மாதம் ஓடும். மீட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் காட்டும், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நின்றே இருந்த வண்டியில் பிரேக் இறுகியிருக்கும், டயர் தட்டையாகி வெடித்திருக்கும், டேங்கில் பழைய பெட்ரோல் கெட்டிருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். குறைந்த கிலோமீட்டருக்காக விலை கூட்டித் தராதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிப்பது எப்படி?

2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் சென்னையும் தூத்துக்குடி, திருநெல்வேலியும் மூழ்கின. அந்தப் பக்கத்திலிருந்து வந்த வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தங்கும். சீட் தண்டவாளத்தில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் காய்ந்த வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு இவையும் அடையாளம்.

இன்ஜினில் என்ன பார்க்கணும்?

வண்டி குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை தொடர்ந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிந்து ஆவியாகிறது. ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் லேசான மூச்சு இருக்கலாம். புகைபோக்கி போலக் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் போரோ தேய்ந்திருக்கிறது. மூடிக்கு அடியில் டீயில் ஆடை படிந்தது போல இருந்தால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

நம் ஊரில் இதையெல்லாம்விட முக்கியமானது ரேடியேட்டர் தண்ணீர். கூலண்ட் வாங்காமல் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இங்கே போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அது ரேடியேட்டரை உள்ளிருந்து அடைக்கும், வாட்டர் பம்ப் இறக்கையைத் தின்னும், அலுமினிய ஹெட்டைக் குழி குழியாக அரிக்கும். அப்படி அரித்த ஹெட்டில் புது கேஸ்கட் போட்டாலும் கசியும். இன்ஜின் ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து, விரலை விட்டுப் பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவான நீர் என்றால் சரி. செங்கல் பொடி கரைத்தது போல இருந்தால் ஹெட் வேலைக்கும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே வேலை இருக்கிறது. மாருதி 800, பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோ, இண்டிகா எல்லாமே வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட் உள்ள வண்டிகள். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இண்டிகா டீசலில் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

ஓட்டிப் பார்க்க எந்த ரோடு நல்லது?

இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். தெருவைச் சுற்றி வந்தால் ஒன்றும் தெரியாது. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையோ, உச்சிப்புளி வரையோ போதும். தீவுப்பக்கம் என்றால் பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றமே நல்ல சோதனை: மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பாலத்தில் நிறுத்த வேண்டாம். காலியிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள். டக் டக் என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட். நேர் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்க பிரேக் பிடிக்கவில்லை என்பதே பெரும்பாலும்.

ஏசி, லைட், ஹாரன் எல்லாம் விட்டு விட்டு வேலை செய்யுது.

பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர்களின் முனை உப்பில் அரித்தால் இப்படி ஆகும். பச்சைக் களிம்பைத் தேய்த்து, கிரீஸ் பூசி இறுக்கினால் பல நேரம் ஐம்பது ரூபாய் வேலை. வண்டி நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஏசி வேறு கதை. முன்னால் இருக்கும் கண்டென்சரின் அலுமினிய இதழ்கள் விரல் பட்டாலே உதிர்ந்தால் அது முடிந்தது. ஏசி இல்லாத வண்டி என்று நினைத்து விலை பேசுங்கள்.

பேப்பரில் எங்கே மாட்டுவோம்?

சொந்த உபயோக காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய பெட்ரோல் காரை ஓட்டக்கூடாது என்பது டெல்லி வட்டாரத் தடை, இங்கே இல்லை. ஆனால் புதுப்பிக்கும் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி. காலாவதியாகிக் கிடந்த மாதங்களுக்கு மாதம் 500 வீதம் அபராதமும் சேரும். முப்பதாயிரம் ரூபாய் வண்டி ஏன் முப்பதாயிரத்துக்கு வருகிறது என்பதற்கு விடை பல நேரம் இங்கேதான் இருக்கிறது.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு எதுவரை, கடன் யார் பெயரில், தடை உண்டா, அபராதம் பாக்கி உண்டா என்று பாருங்கள். பைனான்ஸ் அடைந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. பைனான்ஸ் நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாறிய பிறகே வாங்குங்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றாமலே மூன்று கை மாறிய வண்டி புரோக்கர்களிடம் ஏராளம். ஆர்.சி.யில் இருப்பவரை நேரில் அல்லது போனில் பிடிக்க முடியாவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு: விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் இருப்பவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது.

புதுச்சேரி, காரைக்கால், டெல்லி எண் வண்டி மலிவாகத் தெரியும். அந்த ஊரின் தடையின்மைச் சான்றும் தமிழ்நாட்டு வரியும் மறுபதிவும் சேர்த்தால் மலிவு கரையும்.

45,000 சொல்றாங்க. கையில எவ்வளவு இருக்கணும்?

பதிவுக் காலம் முடிந்த, 20 வருடம் தாண்டாத ஒரு மாருதி 800 என்று வைத்துக்கொள்வோம். தோராயமாக நான்கு டயர் 12,000, பேட்டரி 4,000, டைமிங் பெல்ட் ஆயில் கூலண்ட் 5,000, பிரேக் வேலை 4,000, பதிவுக் கட்டணம் 5,000. மூன்றாம் நபர் காப்பீடு 1000 சி.சி.க்குள் 2,094 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறத்தாழ 2,500. மொத்தம் 32,500. டிங்கரிங், பசுமை வரி, பெயர் மாற்றச் செலவு இதில் இல்லை. ஆகவே கையில் எண்பதாயிரம் இல்லாமல் இந்த வண்டியைத் தொடாதீர்கள். டயர் பழசா என்று பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

பேரத்துக்குக் கீழ்வரம்பு பழைய இரும்பு விலை. மாருதி 800-இன் எடை ஏறத்தாழ 650 கிலோ. காயலான் கடையில் என்ன தேறும் என்று விசாரித்துவிட்டுப் போனால், விற்பவர் எவ்வளவு இறங்குவார் என்று தெரியும்.

இப்போ வர்ற எத்தனால் பெட்ரோல் பழைய காருக்கு ஆகுமா?

ஓடும். ஆனால் 20 சதவீத எத்தனாலுக்கு எனச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் இறுகி வெடிக்கும். பெட்ரோல் ஹோஸ்களை வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், வாரக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்கைப் பாதியில் விட வேண்டாம்.

எந்த மாடல்?

மாருதி 800, ஆல்ட்டோ. தேடாமல் பாகம் கிடைப்பவை. சான்ட்ரோ பரவாயில்லை. மாடிஸ், ஸ்பார்க் எவ்வளவு மலிவாக வந்தாலும், கம்பெனியே நாட்டை விட்டுப் போய்விட்டது. ஒரு கண்ணாடிக்கு மதுரைக் காயலான் கடைகளில் அலைய வேண்டும்.

கேஸ் கிட் போட்ட ஓம்னி என்றால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சமையல் சிலிண்டரில் ஓடும் வண்டி பக்கம் போகவே வேண்டாம்.

வாங்கியாச்சு. துருவை எப்படித் தள்ளிப்போடுவது?

வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தையும் மட்கார்டு உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள். உவர்ப்புத் தண்ணீரில் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம். கதவுத் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். ஈரமான ரப்பர் மிதியடியை வண்டிக்குள் காயவிடாதீர்கள், வெளியே எடுத்துப் போடுங்கள். முழுக்க மூடும் பிளாஸ்டிக் கவர் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கீற்றுக் கொட்டகை அதைவிட நல்லது. ஐப்பசி மழைக்கு முன்னும் பங்குனியிலும் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி, பொருக்கைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு கோட்டிங் அடியுங்கள். பெட்டித்தகட்டின் உள்ளே கோட்டிங் போகாது. அங்கே துளை வழியாக மெழுகு ரகத் துருத்தடுப்பை ஸ்பிரே செய்யச் சொல்லுங்கள், துளைக்கு ரப்பர் மூடி போட மறக்காதீர்கள்.